இதர விவகாரங்கள்

கூட்டக் குறிப்பெழுத என்னை உட்காரவைத்தார்கள்.
கையெழுத்து அழகாம்.
ஆட்டக்காரர் பிரதிநிதி என்று ஒரு நாற்காலி,
கதவை ஒட்டி.
யார் உள்ளே வந்தாலும் முழங்காலில் இடிக்கும்.
இடது முழங்கால். அதற்கொரு கதை உண்டு,
சங்கத்தின் காப்புறுதிக்கு மட்டும் தெரியாது.

மணி ஏழே கால். ஜார்ஜ்டவுனில் மழை.
பதினொரு ஆண்கள், ஒரு தட்டு கறிபாப்.
முதல் அம்சம்: கார் நிறுத்துமிடம்.
டத்தோவின் காரை யாரோ கீறிவிட்டார்கள்.
நாற்பது நிமிடம்.

எழுதினேன்.

ஆண்கள் அணி ஹாட்யாய் போகிறது.
ஹோட்டலில் நீச்சல்குளம் உண்டா என்றார் ஒருவர்.
உண்டு.
ஒருமனதாக ஏற்கப்பட்டது.

அப்புறம் அறுபதாம் ஆண்டு மலர்.
அட்டைக்கு எங்கள் படம்,
கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறோமே, அது.
"பொம்பளைங்க படம் போட்டா விளம்பரம் கிடைக்கும்."
மேற்கோள் குறி போட்டு எழுதிக்கொண்டேன்.

அந்தப் படத்தில்
இடமிருந்து மூன்றாவது ஹஸ்லிண்டா.
சம்பளம் வராத நான்காம் மாதம் பூட்ஸை விற்றாள்,
இப்போது பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
பெய் ஷான், உட்கார்ந்திருப்பவள்,
பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று சொன்ன வாரமே
அவள் ஒப்பந்தம் காலாவதியானது,
பால் டப்பா மாதிரி, தானாகவே.
கோப்பையின் பின்னால் பாதி முகம் யமுனேஸ்வரி.
ஐஸ் முழுவதும் ஆண்கள் அணியோடு போய்விட்ட அன்று
உறைந்த கெம்போங் மீன் பொட்டலத்தைக்
கணுக்காலில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.
பிறை வரைக்கும் ஒருவரும் பக்கத்தில் உட்காரவில்லையாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒப்பந்தத்தில் எங்களுக்குத்
தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று பெயர்.
தொழில் தொழிற்சாலையில் இருக்கிறது.
முறையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நான் கோல்கீப்பர்.
என் ஜெர்சியின் முதுகில் ஒரு பெயரைச் சுரண்டிய தடம்:
ஃபிர்டாவுஸ், ஆண்கள் இளையோர் அணி.
இரண்டு பருவம் அவன் தோளுக்குள் நின்று
பந்து பிடித்திருக்கிறேன்.
எங்காவது அவனைப் பார்த்தால் சொல்ல வேண்டும்,
பினால்டி மூன்று தடுத்தாய் தம்பி என்று.

ஏழாவது அம்சம். இதர விவகாரங்கள்.
மகளிர் அணி: நிலுவைச் சம்பளம், ஒப்பந்தம்,
நாற்காலி அடுக்கிவைத்திருக்கும் உடைமாற்றும் அறை.
மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.
டத்தோ கடிகாரத்தைப் பார்த்தார்.
அடுத்த கூட்டத்தில் பார்க்கலாமே.
ஒன்பது ஐம்பத்தொன்பது.
நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

செயலாளர் தனசீலன் அருகில் வந்து குனிந்தார்.
இரண்டு மணி நேரம் மலாயில் பேசியவருக்கு
இப்போது தமிழ் வந்தது:
"லோஷினி, குறிப்புல
'விவாதிக்கப்பட்டது'ன்னு போட்டுடும்மா.
நம்ம ஆளு நீ."

தட்டில் ஒரு கறிபாப் மிச்சமிருந்தது.
அதை எடுத்துத் தின்றேன், நிதானமாக.
பிறகு எழுதினேன்:

ஏழு. மகளிர் அணி.
9.58க்கு எடுக்கப்பட்டது.
9.59க்கு ஒத்திவைக்கப்பட்டது.
எவரும் எதுவும் கேட்கவில்லை.

சங்க விதி இருபத்திரண்டு:
குறிப்பின் ஒரு படி, ஏழு நாளுக்குள்,
கோலாலம்பூரில் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.
அந்த மேசையில் எவரும் படித்திருக்க மாட்டார்கள்.
முழங்கால் வீங்கிக் கிடந்த பருவம் முழுவதும்
பெஞ்சில் எனக்கு வேறென்ன வேலை?

அனுப்பினால் என்ன ஆகும், தெரியாது.
ஆணையரிடமும் ஓர் ஏழாவது அம்சம் இருக்கலாம்.
எனக்கு அடுத்த மாதம் கையுறை கிடைக்காமல் போகலாம்,
கதவோர நாற்காலி உட்பட.

ஃபெர்ரியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினேன்.
தாள்கள் நனையாமல் மழைக்கோட்டுக்குள்,
நெஞ்சோடு, இரண்டு முழங்கையும் மூடி.
பந்து பிடித்தால் அப்படித்தான் பழக்கம்.

நடுக்கடலில் யமுனேஸ்வரியின் செய்தி:
"நம்மளப் பத்திப் பேசினாங்களா? எவ்வளவு நேரம்?"

ஒரு நிமிஷம், என்று பதில் போட்டேன்.

சரி என்றாள்.
காத்திருக்கச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.